தசைச் சிதைவு உள்ள பையனுக்கு இதய ஸ்கேன்: எப்போது எடுப்பது, எப்படித் தயார் செய்வது, ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

தசைச் சிதைவு நோய் உள்ள பையன் இருக்கும் வீட்டில் எல்லார் கண்ணும் அவன் காலில்தான் இருக்கும். மாடிப்படி ஏறுகிறானா, விழுந்தால் தானாக எழுகிறானா என்றுதான் பார்ப்போம். இதயமும் ஒரு தசைதான் என்பது சட்டென்று யாருக்கும் தோன்றாது. இந்த நோயின் டூஷேன் வகையில், தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாவதில்லை. அதனால் தொடையிலும் கெண்டைக்காலிலும் நடக்கிற சேதம் இதயச் சுவரிலும் நடக்கிறது. கால் சேதம் கண்ணுக்குத் தெரியும், இதயச் சேதம் ஸ்கேனில் மட்டும்தான் தெரியும்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் தம்பிக்கும் இந்த நோய்தான். பத்தொன்பது வயதில் போய்விட்டான். கடைசி மாதங்களில் சாப்பிட்டதெல்லாம் வாந்தி வந்தது, ராத்திரியில் தூக்கமில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வயிற்றுக்குத்தான் மருந்து கொடுத்தார்கள். அவை இதயம் பலவீனமானதன் அறிகுறிகளாக இருக்கலாம் என்று எங்களுக்குச் சொல்ல அப்போது ஆளில்லை. நடக்கிறவருக்கு இதயம் தளர்ந்தால் படி ஏறும்போது மூச்சு வாங்கும், காட்டிக்கொடுத்துவிடும். வீல்சேரில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு மூச்சு வாங்க வேலையே இல்லை. வாந்தி, வயிற்றுவலி, பசியின்மை, எடை குறைவது, எப்போதும் அசதி என்றுதான் வெளியே வரும். இப்போது என் மகனுக்கு பன்னிரண்டு வயது. அவனுக்கும் அதே டூஷேன். அவனை எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அழைத்துப் போய்க் கற்றுக்கொண்டதை, இதே பாதையில் வரும் அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

எப்போது தொடங்குவது

நோய் உறுதியான அன்றே. 2018-ல் வெளியான சர்வதேச டூஷேன் பராமரிப்பு வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. நோய் தெரிந்தவுடன் இதய மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும். அதிலிருந்து வருடா வருடம் ஈ.சி.ஜி.யும் ஒரு இதய ஸ்கேனும் எடுக்க வேண்டும். சின்னப் பையனுக்கு எக்கோ போதும். ஆறேழு வயதில், மயக்க மருந்து இல்லாமல் அசையாமல் படுக்கப் பழகியதும், எம்.ஆர்.ஐ.க்கு மாறலாம். பத்து வயதுக்கு மேல் எவ்வளவு இடைவெளியில் பார்ப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார், வருடத்துக்கு ஒன்றுக்குக் குறையக் கூடாது.

'கால்தானே பிரச்சினை, எக்கோ எதுக்கு?' என்று கேட்கிற இடங்கள் இன்னும் உண்டு. எங்களுக்கும் ஒரு மருத்துவமனையில் அப்படி நடந்தது. வாக்குவாதம் செய்து பயனில்லை. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை மேலே வைத்து, "சார், டூஷேன்னு உறுதியாயிடுச்சு. வருஷா வருஷம் இதயம் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க, கார்டியாலஜிக்கு எழுதிக் கொடுங்க" என்று அமைதியாகக் கேட்டால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கடலூர், சிதம்பரம், பண்ருட்டிப் பக்கம் இருப்பவர்களில் பலர் இதற்குப் புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்குத்தான் போகிறோம். காலை ஓ.பி.க்குப் போவதென்றால் விடியும் முன்பே வண்டி கிளம்பிவிடுவது நல்லது. அரியாங்குப்பம் தாண்டி இந்திரா காந்தி சிலை வரும்போது பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டால், பையன் வண்டியிலேயே களைத்துப்போவான்.

எக்கோ எதைக் காட்டும், எதைக் காட்டாது

எக்கோ வலியில்லாதது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்துப் பார்ப்பார்கள். இதயம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, எப்படிச் சுருங்குகிறது, வால்வு கசிகிறதா என்பதெல்லாம் தெரியும்.

நம் பையன்களுக்கு இதில் சில சிக்கல்கள் உண்டு. முதுகு வளைந்திருந்தால் இதயம் வழக்கமான இடத்திலிருந்து திரும்பியிருக்கும். ஸ்டீராய்டு சாப்பிட்டு உடம்பு போட்டிருந்தால் படம் மங்கும். இடுப்பும் முழங்காலும் மடங்கி இறுகிவிட்ட பையன் ஒருக்களித்தபடியே படுத்திருக்க மாட்டான், மல்லாந்து சாய்ந்துவிடுவான். இதற்காக நான் ஒரு சின்னத் தலையணையும் சுருட்டிய போர்வையும் கொண்டுபோகிறேன். போர்வையை முதுகுக்குப் பின்னால் அண்டக்கொடுத்து, தலையணையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்தால் அவன் அப்படியே இருப்பான். எக்கோ எடுக்கிறவருக்கும் நேரம் கிடைக்கும். படம் சரியாக வரவில்லை என்றால் ரிப்போர்ட்டில் 'புவர் விண்டோ' என்று எழுதியிருப்பார்கள். அந்த வரி இருந்தால், கீழே 'நார்மல்' என்று போட்டிருப்பதை முழுசாக நம்பி உட்காராமல் எம்.ஆர்.ஐ கேளுங்கள்.

படம் தெளிவாகவே வந்தாலும் எக்கோவுக்கு ஒரு எல்லை உண்டு. டூஷேனில் இதயத் தசை செத்து, அந்த இடத்தில் தழும்பு விழுகிறது. பெரும்பாலும் இடது கீழறையின் பக்கவாட்டுச் சுவரில், அதிலும் வெளிப்புற அடுக்கில் தொடங்கும். ஆரம்பத்தில் மீதித் தசை ஈடுகட்டிவிடுவதால் இதயம் நன்றாகச் சுருங்குவதுபோலவே எக்கோவில் தெரியும். எக்கோவில் சுருக்கத்தின் அளவு இறங்கும்போது தழும்பு ஏற்கெனவே பரவியிருக்கும். தசை எவ்வளவு சுருங்கி நீள்கிறது என்று காட்டும் ஸ்ட்ரெயின் என்ற அளவையும் சேர்த்துப் பார்க்கும் எக்கோவில் கொஞ்சம் முன்கூட்டியே மாற்றம் தெரியலாம். அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

எம்.ஆர்.ஐ தழும்பை எப்படிப் பிடிக்கிறது

கடோலினியம் என்ற மருந்தைக் கை நரம்பில் செலுத்திப் பத்து நிமிடம் போலக் காத்திருந்து படம் எடுப்பார்கள். மழை விட்டபின் மேட்டில் தண்ணீர் வடிந்துபோய் பள்ளத்தில் மட்டும் தேங்கி நிற்கும் இல்லையா, அப்படித்தான். நல்ல தசையிலிருந்து அந்த மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும், தழும்பில் தங்கிவிடும். படத்தில் நல்ல தசை கறுப்பாகவும் தழும்பு வெள்ளையாகவும் தெரியும். இதைத்தான் ரிப்போர்ட்டில் எல்.ஜி.இ என்று எழுதுகிறார்கள். எக்கோ நார்மலாக இருக்கும்போதே இது தெரிந்துவிடுவதால்தான் இத்தனை சிரமப்பட்டும் எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்கிறேன். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனில் இருக்கும் கதிர்வீச்சு இதில் கிடையாது.

இதய எம்.ஆர்.ஐ எல்லா ஸ்கேன் சென்டரிலும் எடுக்க மாட்டார்கள். மூளைக்கும் முதுகுக்கும் எடுக்கிற இடத்தில் இதயத்துக்கான மென்பொருளோ, அதை வாசிக்கப் பழகிய ரேடியாலஜிஸ்ட்டோ இல்லாமல் இருக்கலாம். கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்: கார்டியாக் எம்.ஆர்.ஐ கான்ட்ராஸ்ட்டோடு (அந்த கடோலினியம் மருந்தோடு) எடுப்பீர்களா, தசைச் சிதைவு உள்ள பையன் என்றால் எடுப்பீர்களா, வீல்சேரிலிருந்து தூக்கி மாற்ற ஆள் உண்டா, உள்ளே கொண்டுபோக இரும்பில்லாத ட்ராலி இருக்கிறதா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் வீல்சேர் காந்த அறைக்குள் போகவே கூடாது. கையால் தள்ளுவதோ பேட்டரியோ, எதுவாக இருந்தாலும் வாசலோடு சரி.

ரத்தப் பரிசோதனையில் ஒரு விஷயம். கான்ட்ராஸ்ட் போடும் முன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியாட்டினின் பார்ப்பார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. நம் பிள்ளைகளுக்குத் தசையே குறைவு, அதனால் அந்த எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். சிறுநீரகம் லேசாகப் பாதித்திருந்தாலும் நார்மல் மாதிரிதான் காட்டும். தசையின் அளவைச் சாராத சிஸ்டாட்டின்-சி என்ற ரத்தப் பரிசோதனை இவர்களுக்குப் பொருத்தம். மருத்துவரிடம் ஞாபகப்படுத்துங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மயக்க மருந்து பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது

ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க முடியாத சின்னப் பையனுக்கு மயக்கம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் 'டூஷேன்' என்ற பெயரை மயக்க மருந்து மருத்துவரிடம் நேரில் சொல்ல வேண்டும், சீட்டில் எழுதியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. சக்ஸினைல்கோலின் என்ற ஊசி இவர்களுக்கு ஆகவே ஆகாது. மூச்சில் இழுக்கும் மயக்க வாயுக்களும் ஆபத்து. தசை உடைந்து பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுபோன சம்பவங்கள் உண்டு. நரம்பு வழியாக மட்டும் கொடுக்கிற பாதுகாப்பான முறைகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், மயக்கம் தேவைப்படுகிற வயதில் எக்கோவோடு ஓட்டிவிட்டு, பையன் புரிந்துகொண்டு ஒத்துழைக்கிற வயது வந்ததும் எம்.ஆர்.ஐ.க்குப் போவது மேல்.

ஸ்டீராய்டு சாப்பிடுகிற பையன் என்றால் வெறும் வயிற்றில் வரச் சொன்னாலும் அன்றைய மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் உடம்பு தாங்காது. எப்போது கொடுப்பது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதுகில் கம்பி வைத்து ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் வேண்டும். பெரும்பாலான கம்பிகளோடு எம்.ஆர்.ஐ எடுக்கலாம், ஆனால் அது எந்த உலோகம் என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழக வேண்டியது

இதய எம்.ஆர்.ஐ.யின் தரம் பாதி பையனின் மூச்சில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பத்துப் பதினைந்து வினாடி மூச்சை நிறுத்த வேண்டும். அதுவும் பல இடங்களில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வதில்லை, வெளியே விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொல்வார்கள். அது கஷ்டம். ஒரு வாரம் முன்பிருந்து, ராத்திரி படுத்த பிறகு, "இழு… விடு… அப்படியே நிறுத்து" என்று சொல்லி நான் மெதுவாக எண்ணுவேன். முதலில் ஐந்து, அப்புறம் எட்டு. பத்து வரை போனால் போதும். ரொம்பக் கட்டாயப்படுத்தினால் அவனுக்குத் தலை சுற்றும். உங்கள் பையனால் முடியவே இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கிற முறையும் உண்டு.

சில சென்டரில் மெஷினில் பதிவு செய்த குரல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிக்கும். என் மகன் உள்ளே இருந்தபோது அப்படித்தான் வந்தது, அவனுக்குப் புரியவில்லை. டெக்னீஷியனிடம் சொன்னதும் அவரே மைக்கில், "தம்பி, மூச்சை இழு, விடு, அப்படியே பிடிச்சுக்கோ" என்று சொல்ல ஆரம்பித்தார். அதற்குப்பிறகு படங்கள் நன்றாக வந்தன. இதையும் முதலிலேயே கேட்டுவிடலாம்.

உடுப்பு. கையைத் தூக்க முடியாத பையனுக்குத் தலை வழியாகப் போடும் பனியனைக் கழற்றுவதே பெரிய போராட்டம், நெஞ்சில் ஈ.சி.ஜி ஒட்டும்போது இன்னும் மோசம். என் மகனுக்காக மெல்லிய பருத்தித் துணியில் ஒரு சட்டை தைத்திருக்கிறேன். முன்பக்கம் முழுவதும் திறப்பு, பட்டனுக்குப் பதில் துணி நாடா, கைக்குழி சாதாரண அளவைவிட இரண்டு அங்குலம் பெரிது, தோள் தையலிலும் ஒரு நாடா. படுத்தபடியே அவிழ்த்துப் படுத்தபடியே மூடலாம். எக்கோவுக்கும் அதே சட்டைதான். கீழே ஜிப் இல்லாத நாடா வைத்த கால்சட்டை. ஜரிகை, கொக்கி, உலோக பட்டன் எதுவும் கூடாது. அரைஞாண் கயிற்றில் தாயத்து கோத்திருந்தால் முந்தின நாளே கழற்றிவிடுங்கள். எங்கள் மாமியாருக்கு அதில் வருத்தம்தான். திரும்பி வந்ததும் கட்டிவிடலாம் என்றதும் அவர்களே அவிழ்த்துக் கொடுத்தார்கள்.

ஸ்கேன் அன்று

தூக்கி மாற்றும்போது அட்டெண்டர் பழக்கத்தில் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். நம் பையன்களுக்குத் தோள் தசை தளர்ந்திருப்பதால் நழுவிவிடுவார்கள். ஒரு கை முதுகுக்குப் பின்னால், ஒரு கை இரண்டு தொடைக்கும் அடியில் என்று நீங்கள் நின்று சொல்லிக் கொடுங்கள். முழங்கால் நீட்ட முடியாதவனுக்கு அடியில் தலையணை வைக்கச் சொல்லுங்கள். கால் வலித்தால் அவன் அசைவான், அசைந்தால் படம் கெடும். ஸ்டீராய்டு உடம்பில் ஊசிக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். முந்தின நாள் நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து, கையை வெதுவெதுப்பாக வைத்திருந்தால் சிஸ்டருக்கு வேலை சுலபம்.

காதில் பஞ்சோ ஹெட்போனோ வைப்பார்கள், இருந்தும் தடதடவென்று சத்தம் கேட்கும். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, வேண்டுமென்றால் அமுக்கச் சொல்வார்கள். விரலில் பலம் இல்லாதவனால் அதை அமுக்க முடியுமா என்று வெளியிலேயே சோதித்துப் பாருங்கள். முடியாவிட்டால், ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் மைக்கில் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமாக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும்.

வெளியே வரும்போது ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த சி.டி. வட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த வருடம் வேறு இடத்தில் எடுத்தால் ஒப்பிட அதுதான் வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது

முதலில் எல்.வி.இ.எஃப். ஒரு துடிப்பில் இடது கீழறையில் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் நார்மல் வரம்பு. எக்கோவில் 60 என்றும் எம்.ஆர்.ஐ.யில் 56 என்றும் வந்தால் பயப்படாதீர்கள், இரண்டும் வேறு வேறு முறை. எக்கோவை எக்கோவோடும் எம்.ஆர்.ஐ.யை எம்.ஆர்.ஐ.யோடும்தான் ஒப்பிட வேண்டும். ஒரு தனி எண்ணைவிட, வருடா வருடம் அது எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம். நான் ஒரு நோட்டில் தேதி, எந்த ஸ்கேன், எண், எங்கே எடுத்தது என்று வரிசையாக எழுதி வருகிறேன். புது மருத்துவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்.

அப்புறம் எல்.ஜி.இ வரி. 'இல்லை' என்று இருந்தால் நல்லது. 'லேட்டரல் வால், சப்-எபிகார்டியல்' (பக்கவாட்டுச் சுவர், வெளிப்புற அடுக்கு) என்று இருந்தால் தழும்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த வரியைப் படித்து வீட்டில் அழுகை வேண்டாம், அதைப் பிடிப்பதற்காகத்தான் போனோம். நேராக இதய மருத்துவரிடம் கேட்க வேண்டியது: மருந்து தொடங்கலாமா, ஏற்கெனவே சாப்பிட்டால் இன்னொன்று சேர்க்கலாமா?

இதயம் நார்மலாக இருந்தாலும் பத்து வயதுக்குள் இதயத்தின் சுமையைக் குறைக்கும் எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ வகை மருந்தோ, லோசார்ட்டன் வகையோ தொடங்க வேண்டும் என்பது அந்த 2018 வழிகாட்டுதலில் இருக்கிறது. பிரான்சில் நடந்து 2005-ல் வெளியான ஆய்வில், இதயம் நன்றாக இருக்கும்போதே பெரிண்டோபிரில் (இதுவும் ஏ.சி.இ வகைதான்) தொடங்கிய பையன்களுக்குப் பின்னாளில் இதயம் தளர்வது குறைந்தது. 2015-ல் வந்த இன்னொரு ஆய்வில், எல்.வி.இ.எஃப் எண் நார்மலாக இருந்து எம்.ஆர்.ஐ.யில் மட்டும் சேதம் தெரிந்த 42 பையன்களில் பாதிப் பேருக்கு, சாப்பிடுகிற மருந்தோடு எப்லரினோன் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அவர்களுடைய இதயச் சுருக்கம் மற்றவர்களைவிடக் குறைவாகவே சரிந்தது. இந்த மருந்துகள் பொட்டாசியத்தை ஏற்றலாம், ரத்த அழுத்தத்தை இறக்கலாம், எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அளவும் தொடக்கமும் மருத்துவர் கையில்.

திடீரென்று நெஞ்சு வலித்தால்

நம் பையன்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பு இல்லாமலே, மாரடைப்பு மாதிரி இதயத் தசை திடீரென்று பாதிக்கப்படுவது உண்டு. சின்னப் பையனுக்கு நெஞ்சுவலியா, வாயுவாக இருக்கும் என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, தசை சேதத்தைக் காட்டும் சி.கே, சி.கே-எம்.பி என்ற ரத்த அளவுகள் இரண்டும் இவனுக்கு எப்போதுமே அதிகம், அதனால் இதயத்துக்கே உரிய 'ட்ரோபோனின் ஐ' (Troponin I) என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். இரண்டு, இவனுடைய ஈ.சி.ஜி சும்மா இருக்கும்போதே வித்தியாசமாகத்தான் இருக்கும், அதனால் பழையதோடு ஒப்பிட வேண்டும். பழைய ஈ.சி.ஜி.யைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள், அப்பா போனிலும் அம்மா போனிலும்.

மற்ற வகைகள், அம்மாக்கள்

டூஷேனைவிட மெதுவாக முற்றும் பெக்கர் வகைக்கும் இதெல்லாம் பொருந்தும். நன்றாக நடந்து வேலைக்குப் போகிற பெக்கர் ஆளுக்கும் இதயம் மோசமாகப் பாதிக்கலாம், நடை இருக்கிறதே என்று ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. மயோடோனிக் வகையிலும் எமரி-டிரைஃபஸ் வகையிலும் இதயத்தின் மின்னோட்டம்தான் முதல் கவலை. அவர்களுக்கு ஈ.சி.ஜி.யும் 24 மணி நேரம் உடம்பில் மாட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டரும் விட்டுப்போகக் கூடாது.

அம்மாக்களே, உங்களுக்கும் எடுக்க வேண்டும். தம்பிக்கும் மகனுக்கும் இருப்பதால் நான் இந்த ஜீனைச் சுமக்கிறவள் என்பது உறுதி. சுமக்கிற பெண்களுக்குக் கால் நன்றாக இருந்தும் இதயம் பெரிதாகித் தளரலாம். மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஈ.சி.ஜி.யும் எக்கோ அல்லது எம்.ஆர்.ஐ.யும் என்பது பரிந்துரை. பையனைத் தூக்கித் தூக்கி வரும் முதுகுவலி, அசதி என்று நாம் எல்லாவற்றையும் அதில் சேர்த்துவிடுகிறோம். என் தங்கைக்கும் ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றாலும். பையனுக்குத் தேதி வாங்கும்போதே உங்களுக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டுவிடுங்கள். நீங்கள் எக்கோ அறைக்குள் இருக்கும் நேரம் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருந்து இன்னொரு ஆளை அழைத்துப் போனால் போதும், வண்டி வாடகை ஒன்றுதான்.